காப்பகத்திலிருந்து வெளியே வருகிறவருக்குத் துணை நிற்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மனநல மருத்துவமனை, மறுவாழ்வு மையம், மாற்றுத்திறனாளிகளுக்கான காப்பகம், நீண்டகாலப் பராமரிப்பு இல்லம் என்று ஏதோ ஓரிடத்தில் மாதக்கணக்கிலோ வருடக்கணக்கிலோ இருந்துவிட்டுச் சிலர் வெளியே வருகிறார்கள். அவர்களுடைய குடும்பத்தாரும் உதவியாளர்களும், சில நேரம் அவர்களே நேரடியாகவும் கேட்கும் கேள்விகள் இவை. இந்த வேலையில் வெகுநாளாக இருக்கிறேன், அதனால் பதில்களில் என் சார்பும் தெரியும். வெளியே வருகிறவரைக் கேட்காமல் அவருக்காகச் செய்யப்படும் எந்த ஏற்பாட்டையும் நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

டிஸ்சார்ஜ் தேதி சொல்லிவிட்டார்கள். எதிலிருந்து தொடங்குவது?

தேதி சொன்ன பிறகு தொடங்குவதே தாமதம்தான். ஆனால் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. சரி, முதலில் காகிதங்கள். பல வருடம் உள்ளே இருந்தவரின் அடையாள அட்டை காலாவதியாகியிருக்கும், வங்கிக் கணக்கு முடங்கிப் போயிருக்கும், மாற்றுத்திறனாளி சான்றிதழ் யார் வீட்டு அலமாரியில் இருக்கிறது என்றே தெரியாது. உதவித்தொகை, வாடகை ஒப்பந்தம், மருந்து எல்லாமே இந்தக் காகிதங்களை நம்பித்தான் இருக்கின்றன. அவர் உள்ளே இருக்கும்போதே விண்ணப்பித்துவிட்டால் பிற்பாடு அலைச்சல் குறையும்.

அடுத்தது, துணையாக இருக்கப்போகிறவர் ஒரு முழு நாள் உள்ளே போய் உட்கார்ந்து பார்ப்பது. கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு எப்படி மாற்றுகிறார்கள், எதற்குக் கோபம் வருகிறது, எதற்குச் சிரிப்பு வருகிறது என்பதெல்லாம் கோப்பில் இருக்காது. இரவுப் பணி ஊழியரிடம் பேசுங்கள். எந்தப் பக்கம் படுத்தால் உங்கள் ஆளுக்குத் தூக்கம் வரும் என்பது தலைமை மருத்துவருக்குத் தெரியாது, அந்த ஊழியருக்குத் தெரியும்.

அப்புறம், போய்த் தங்கிப் பார்த்துவிட்டு வருவது. முதலில் ஒரு மதியம், பிறகு ஓர் இரவு, பிறகு ஒரு வார இறுதி. குடியிருக்கப்போகும் இடத்தை ஒரு தடவைகூடக் கண்ணில் காட்டாமல் பெட்டியோடு கொண்டுவந்து இறக்கிவிடுவது இன்னும் நடக்கிறது. அப்படி என்றால் தேதியைத் தள்ளிவைக்கச் சொல்லிக் கேளுங்கள், தப்பே இல்லை.

அக்கா வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது. தண்ணீர் குடிக்கக்கூட என்னைக் கேட்டுவிட்டுத்தான் போகிறாள். நோய் முற்றிவிட்டதா?

நோய் என்று உடனே முடிவு கட்டாதீர்கள். ரஸ்ஸல் பார்ட்டன் என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவர் 1959இலேயே இதைப் பற்றி எழுதினார். ஆர்வமின்மை, தானாக எதையும் தொடங்காமல் இருப்பது, சொன்னதற்கெல்லாம் அடங்கிப் போவது போன்ற பல அடையாளங்களை நோயின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள், உண்மையில் அவற்றை உண்டாக்குவது மருத்துவமனை வாழ்க்கையே என்பது அவர் வாதம். இரண்டு வருடம் கழித்து எர்விங் காஃப்மன் என்ற சமூகவியலாளர் அந்த வாழ்க்கையின் இயக்கத்தை விவரித்தார். தூங்குவது, வேலை செய்வது, பொழுதுபோக்குவது எல்லாம் ஒரே கூரையின் கீழ், ஒரே அதிகாரத்தின் கீழ், எல்லோருக்கும் ஒரே நேரத்தில் நடக்கும்போது, தன் நாளைத் தானே நடத்தும் பழக்கம் மனிதனிடமிருந்து உருவப்பட்டுவிடுகிறது.

இது எவ்வளவு நுணுக்கமான இடம்வரை போகும் என்பதற்கு நான் பார்த்த ஒன்று. வெளியே வந்த ஒருவர், அந்தி சாய்ந்ததும் இருட்டிலேயே உட்கார்ந்திருப்பார். மனச்சோர்வு என்று எல்லோரும் கவலைப்பட்டார்கள். விசாரித்தால், அவர் இருந்த வார்டில் விளக்கு ஸ்விட்ச் ஊழியர் அறையில் இருந்திருக்கிறது. விளக்கு போடுவது தன் வேலை என்பதே அவருக்குத் தோன்றவில்லை. யாராவது வந்து போடுவார்கள் என்று காத்திருந்திருக்கிறார். இதே கணக்கில்தான் மூடிய கதவின் முன் நிற்பது, தட்டில் இருப்பதை அள்ளி அள்ளி விழுங்குவது, சாப்பாட்டைத் தலையணைக்கடியில் ஒளித்துவைப்பது, விளக்கை அணைத்தால் தூக்கம் வராமல் தவிப்பது எல்லாம்.

அக்கா கேட்கும்போது "குடி" என்று அனுமதி கொடுத்தால், அனுமதி கொடுக்கும் ஆள் மாறியதுதான் மிச்சம். "இது உன் வீடு, குடிக்கணும்னா குடி, என்னைக் கேட்க வேண்டாம்" என்று அலுக்காமல் சொல்லுங்கள். தம்ளர் எங்கே, தண்ணீர் எங்கே என்று காட்டுங்கள். பிறகு அவள் கேட்காமலே போய்க் குடிக்கிற அன்று அதைப் பெரிதாக்கிக் கைதட்டாதீர்கள்; பெரியவர்களுக்கு அது கூச்சமாக இருக்கும்.

சின்னத் தேர்வுகளையும் தினமும் அவள் கையில் விடுங்கள்: எந்தச் சட்டை, எந்தச் சோப்பு, எத்தனை மணிக்குக் குளியல். ஒரே மூச்சில் பத்துத் தேர்வுகளைக் கொட்டினால் திகைத்துப் போவாள். இரண்டில் ஒன்று என்று தொடங்கலாம். பதில் வர நேரமாகும், அதுவரை நீங்கள் பேசாமல் இருக்க வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது, செய்து பாருங்கள்!

குடும்பத்தோடு இருப்பதுதானே நல்லது?

பலருக்கு நல்லது. எல்லோருக்கும் அல்ல. 1950களில் லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளரும் அவர் குழுவினரும், மருத்துவமனையிலிருந்து வெளியே போன ஆண்களைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். பெற்றோரிடமோ மனைவியிடமோ போனவர்களைவிட, வாடகை அறைக்கோ உடன்பிறந்தவர்களிடமோ போனவர்கள் திரும்ப நோய்வாய்ப்படுவது குறைவாக இருந்தது. யாரும் எதிர்பார்க்காத முடிவு இது. காரணத்தைத் தேடிப் போனபோது வீட்டுக்குள் ஓடும் பேச்சு முக்கியமாகத் தெரிந்தது. ஓயாத குறைசொல்லல், வெறுப்பு, அளவுமீறிய பொத்திப் பாதுகாத்தல் இவற்றில் ஏதாவது ஒன்று மிகுந்த வீட்டில் நோய் திரும்பும் வாய்ப்பு கூடுகிறது. பிந்தைய ஆய்வுகளில், அப்படிப்பட்ட வீட்டில் வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேல் முகத்தோடு முகம் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு இன்னும் அதிகம் என்று தெரிந்தது.

குடும்பத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இதைச் சொல்லவில்லை. குறைசொல்லல் பல வீடுகளில் பயத்திலிருந்து வருகிறது, "சோம்பேறித்தனம்" என்று நினைப்பது நோயின் பகுதி என்று யாரும் விளக்கியிருக்க மாட்டார்கள். விளக்கிச் சொல்லி, சண்டையில்லாமல் பேசப் பழக்கும் குடும்ப அமர்வுகள் நோய் திரும்புவதைக் குறைக்கின்றன என்பது நன்றாக நிறுவப்பட்டது. இரு தரப்பும் நாளில் சில மணி நேரமாவது தனித்தனியாக இருப்பதும் உதவும்.

அவர் குடும்பத்தோடு இருக்க விரும்பவில்லை என்றால் அது துரோகம் இல்லை. பக்கத்துத் தெருவில் தனியாக இருந்துகொண்டு நல்லபடியாக உறவாடுகிற அண்ணன் தம்பிகள் ஏராளம்.

குழு இல்லத்தில் சேர்த்துவிட்டால் போதும் அல்லவா? ஆறு பேர்தான் இருக்கிறார்கள்.

ஆறு பேரா அறுபது பேரா என்பதை வைத்து முடிவு செய்ய முடியாது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. குழு 2017இல் வெளியிட்ட 5ஆம் பொது விளக்கவுரை இதை வெட்டவெளிச்சமாகச் சொல்கிறது. நூறு பேர் தங்கும் காப்பகம் மட்டுமல்ல, ஐந்து முதல் எட்டுப் பேர் இருக்கும் குழு இல்லமும், ஏன் தனி வீடும்கூட, காப்பகத்தின் குணங்கள் இருந்தால் காப்பகம்தான்.

போய்ப் பார்க்கும்போது கவனியுங்கள். உடன் தங்குகிறவர்களைத் தேர்ந்தெடுத்தது யார்? தன் அறைச் சாவி அவரிடம் இருக்கிறதா? இரவு ஒன்பது மணிக்கு நண்பர் வந்தால் உள்ளே விடுவார்களா? ஓர் உதவியாளரோடு ஒத்துப்போகவில்லை என்றால் மாற்றிக்கொள்ள முடியுமா? உதவியாளரை மாற்றினால் வீட்டையும் விட வேண்டுமா? கடைசிக் கேள்விக்கு "ஆமாம்" என்று பதில் வந்தால் நான் யோசிப்பேன். வீடும் உதவியும் ஒரே கையில் இருக்கும்போது, உதவியில் குறை சொல்ல யாருக்கும் தைரியம் வராது.

மருந்து விஷயத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

உள்ளே நர்ஸ் கொண்டுவந்து கையில் கொடுத்தது, வெளியே திடீரென்று அவர் பொறுப்பாகிவிடுகிறது. அவர் உள்ளே இருக்கும்போதே கடைசி வாரங்களில் தானே எடுத்துப் போட்டுக்கொள்ளப் பழகுவது நல்லது. கிளம்பும்போது மருந்துப் பட்டியல் எழுத்தில் வேண்டும்: எது, எதற்கு, எவ்வளவு, எப்போது, எதை நிறுத்தினால் ஆபத்து. கையில் குறைந்தது அடுத்த டாக்டர் சந்திப்புவரைக்குமான மாத்திரை இருக்க வேண்டும். வலிப்பு மருந்து சட்டென்று நின்றால் வலிப்பு வரும். குளோசபின் என்ற மனநோய் மருந்து எடுப்பவருக்கு முறையாக ரத்தப் பரிசோதனை வேண்டும். மனநிலை ஏற்ற இறக்கத்துக்கான லித்தியம் எடுப்பவருக்கும் அப்படியே. வாந்தி பேதியாகி உடலில் நீர் வற்றினால் லித்தியத்தின் அளவு ரத்தத்தில் ஏறிவிடும், காத்திருக்காமல் டாக்டரிடம் பேச வேண்டும்.

இன்னொன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். மனநல மருத்துவமனையிலிருந்து வெளியே வந்த முதல் சில வாரங்கள், மாதங்களில்தான் தற்கொலை அபாயம் மிக அதிகம். "நல்லாயிட்டாரு, அதான் அனுப்பிட்டாங்க" என்று எல்லோரும் நிம்மதியாகும் நேரம் அது. முதல் வாரத்துக்குள்ளேயே வெளியில் இருக்கும் டாக்டரையோ மனநலப் பணியாளரையோ பார்க்கும்படி நாளும் நேரமும் முன்பே குறித்திருக்க வேண்டும். சாவைப் பற்றிப் பேசினால் பேச்சை மாற்றாதீர்கள், நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது.

அண்ணனுக்கு முதுகுத்தண்டில் அடி. பயிற்சி மையத்தில் எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள், வீட்டில் பயமாக இருக்கிறது.

பயத்தைக் குறைப்பது பழக்கம்தான். படுத்திருக்கும்போது ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பிப் படுப்பது, நாற்காலியில் இருக்கும்போது 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை உடல் எடையை மாற்றுவது, தினமும் கண்ணாடி வைத்துத் தோலைப் பார்ப்பது. அழுத்தினால் வெளுக்காத சிவப்போ கறுத்த திட்டோ தெரிந்தால் அந்த இடத்தில் பாரம் படாமல் வைத்துவிட்டு மருத்துவரைக் கேளுங்கள். படுக்கைப்புண் ஆரம்பித்தால் திரும்ப மருத்துவமனைதான்.

மார்பு முதுகெலும்பில் 6ஆவது எலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்டிருந்தால் ஆட்டோனாமிக் டிஸ்ரிஃப்ளெக்ஸியா என்பதை வீட்டில் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். திடீரென்று மண்டையைப் பிளக்கும் தலைவலி, முகம் சிவந்து வியர்வை, ரத்த அழுத்தம் கிடுகிடுவென்று ஏறும். உடனே நிமிர்த்தி உட்காரவையுங்கள், இறுக்கமான துணிகளைத் தளர்த்துங்கள், சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா, பை நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் நிரம்பிய சிறுநீர்ப்பைதான் காரணம், அடுத்தது மலச்சிக்கல். குறையவில்லை என்றால் அவசர சிகிச்சை. எல்லா டாக்டருக்கும் இது உடனே பிடிபடாது, ஒரு சீட்டில் எழுதி நாற்காலியிலேயே மாட்டிவையுங்கள்.

வீட்டில் என்ன மாற்றங்கள் செய்ய வேண்டும்?

அவரை வீட்டுக்குள் நடமாடவிட்டுப் பார்த்த பிறகு செய்யுங்கள். பொதுவான அளவுகள்: சாய்தளம் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம், கதவில் குறைந்தது 80 சென்டிமீட்டர் தடையற்ற அகலம், சக்கர நாற்காலி முழுதாகத் திரும்ப 150 சென்டிமீட்டர் இடம். பணம் குறைவு என்றால் கழிப்பறையிலிருந்து தொடங்குங்கள். முன்வாசலுக்கு அழகான சாய்தளம் போட்டுவிட்டுக் கழிப்பறைக் கதவுக்குள் நாற்காலி நுழையாத வீடுகள் உண்டு.

அவர் பணத்தை நான் வைத்துக்கொள்வதுதானே பாதுகாப்பு?

யாருக்குப் பாதுகாப்பு என்று ஒரு தடவை யோசியுங்கள். பல வருடம் பணத்தைத் தொடாதவருக்கு விலைவாசி தெரியாது, ஏடிஎம் தெரியாது, செல்போனில் பணம் அனுப்புவது தெரியாது. இதெல்லாம் கற்றுக்கொள்ளக்கூடியவை. வாடகையும் மின்கட்டணமும் தானாகப் போகும்படி செய்துவிட்டு, வாரச் செலவுக்கு ஒரு சின்னத் தொகையை முழுக்க அவர் இஷ்டத்துக்கு விடுங்கள். இரண்டே நாளில் தீர்த்துவிட்டால் அடுத்த வாரம்வரை கையில் இல்லை என்று ஆகும், ஆகட்டும்.

முடிவெடுக்கத் துணை வேண்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. ஸ்வீடனில் கடுமையான மனநலச் சிக்கல் உள்ளவர்களுக்குத் தனிப்பட்ட பிரதிநிதி ஒருவர் உண்டு. அவர் அந்த நபர் சொன்னதை மட்டும் செய்வார். மருத்துவர் சார்பிலோ குடும்பத்தின் சார்பிலோ, அதிகாரிகளின் சார்பிலோ பேசமாட்டார். நம்பிக்கை வர மாதக்கணக்கில் ஆனாலும் காத்திருப்பார். உங்கள் ஊரில் அப்படி ஓர் ஏற்பாடு இல்லாவிட்டாலும், "நான் யார் சார்பில் பேசுகிறேன்?" என்ற கேள்வியை ஒவ்வொரு அலுவலகத்திலும் நீங்கள் உங்களையே கேட்டுக்கொள்ளலாம்.

தனியாக வெளியே அனுப்பினால் தொலைந்துவிட்டால்?

தொலையலாம். வழி கேட்டு வந்துசேரவும் செய்யலாம். ராபர்ட் பெர்ஸ்கி 1972இல் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களைப் பற்றி எழுதும்போது, ஆபத்தை எதிர்கொள்வதிலும் ஒரு கண்ணியம் இருக்கிறது, அதைப் பறித்துவிடாதீர்கள் என்றார். எனக்கு இதில் முழு உடன்பாடு. அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பச் சொல்லவில்லை. முதல் சில தடவை கூடவே போங்கள், அப்புறம் பத்தடி பின்னால் நடங்கள், அப்புறம் போய்ச்சேரும் இடத்தில் நின்று காத்திருங்கள். சட்டைப் பையில் ஒரு தொலைபேசி எண், கையில் ஒரு செல்போன். உயிருக்கே ஆபத்து என்பதையும் உங்களுக்குப் படபடப்பு என்பதையும் தனித்தனியாக எழுதிப் பாருங்கள். இரண்டாவது பட்டியல்தான் நீளமாக இருக்கும்.

தம்பிக்குப் பேச வராது. அவனுக்கு என்ன வேண்டும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பேச்சு இல்லை என்றால் விருப்பம் இல்லை என்று அர்த்தமில்லை. எதைப் பார்த்தால் உடல் தளர்கிறது, எதைப் பார்த்தால் தலையைத் திருப்புகிறான், யார் வந்தால் சத்தம் மாறுகிறது என்று அவனோடு இருக்கிறவர்கள் எல்லோரும் ஒரே நோட்டில் எழுதிவையுங்கள். படங்கள், பொருட்கள், செல்போன் செயலி எது ஒத்துவருகிறதோ அது. இடங்களைப் பற்றி அவனிடம் விவரிப்பதைவிட அழைத்துக்கொண்டு போய்க் காட்டுவது மேல். நோட்டில் எழுதும்போது கண்ணால் பார்த்ததையும் நீங்கள் ஊகித்ததையும் கலக்காதீர்கள். "கோபப்பட்டான்" என்பது ஊகம்; "தட்டைத் தள்ளினான்" என்பது பார்த்தது.

வேலைக்குப் போகலாமா? முதலில் பயிற்சி வேண்டாமா?

வருடக்கணக்கில் பயிற்சி என்ற பெயரில் யாரும் வாங்காத பொருட்களைச் செய்ய வைப்பது காப்பகங்களின் பழைய வழக்கம். அமெரிக்காவில் 1990களில் உருவான ஒரு முறை அதைத் தலைகீழாக்கியது. முதலில் உண்மையான சம்பளத்துக்கு உண்மையான வேலை, பிறகு அந்த வேலையிலேயே பயிற்சியும் துணையும். கடுமையான மனநோய் உள்ளவர்களிடையே பல நாடுகளில் செய்த ஒப்பீடுகளில், பயிற்சியை முதலில் வைத்த திட்டங்களைவிட இது அதிகம் பேரை வேலையில் அமர்த்தியது. வாரத்துக்குச் சில மணி நேரம் என்று தொடங்கினால் போதும். சம்பளம் வந்தால் உதவித்தொகை குறையுமா என்பதை மட்டும் முன்னாலேயே விசாரித்துவிடுங்கள்.

அக்கம்பக்கத்தாரிடம் என்ன சொல்வது?

எதைச் சொல்வது, சொல்வதா வேண்டாமா என்பது அவர் முடிவு. புது வீட்டுக்கு யார் குடிவந்தாலும் அறிமுகம் செய்துகொள்வது போல் செய்தால் போதும். நோயின் பெயர் அதில் வரவேண்டிய அவசியமில்லை.

காப்பகங்களை மூடினால் எல்லோரும் தெருவுக்குத்தானே வருவார்கள்?

அமெரிக்காவை வைத்து இப்படிச் சொல்வார்கள். அங்கே 1955இல் அரசு மனநல மருத்துவமனைகளில் ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். 1963இல் சமூக மனநல மையங்களுக்கான சட்டம் வந்தது. மருத்துவமனைகள் காலியான வேகத்தில் மையங்கள் எழவில்லை, திட்டமிட்டதில் பாதி அளவே கட்டப்பட்டன. வீடும் சேவையும் கிடைக்காதவர்கள் தெருவிலும் சிறையிலும் போய்ச் சேர்ந்தார்கள்.

லண்டனில் ஃப்ரியர்ன், கிளேபரி என்ற இரண்டு பெரிய மருத்துவமனைகளை மூடியபோது நடந்தது வேறு. ஜூலியன் லெஃப் என்ற மனநல மருத்துவர் தலைமையிலான ஆய்வுக் குழு, நீண்டகாலம் உள்ளே இருந்து வெளியே போன ஏறத்தாழ 670 பேரை ஐந்து வருடம் பின்தொடர்ந்தது. அங்கே ஒவ்வொருவருக்கும் வீடும் ஊழியர்களும் முன்பே ஏற்பாடாகியிருந்தன. வீடில்லாமல் போனவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே. நோயின் அறிகுறிகள் பெரிதாக மாறவில்லை, ஆனால் நண்பர்கள் கூடினார்கள். மருத்துவமனையைவிடப் புது இடமே பிடித்திருக்கிறது என்று பெரும்பாலோர் சொன்னார்கள். இத்தாலியின் திரியெஸ்தே நகரில் பிராங்கோ பசாலியா என்ற மனநல மருத்துவரும் இந்த வழியில்தான் போனார். 24 மணி நேரமும் திறந்திருக்கும் மையங்கள் ஊருக்குள்ளேயே அமைந்தன. 1978ஆம் வருடத்தின் 180ஆம் எண் சட்டம் நாடு முழுவதும் மனநோய்க் காப்பகங்களுக்குப் புது ஆட்களைச் சேர்ப்பதை நிறுத்தியது.

வீட்டுக்கு அனுப்பும்படி கேட்க அவருக்கு உரிமை இருக்கிறதா?

இருக்கிறது. 2006இல் ஏற்கப்பட்ட ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 19ஆவது பிரிவு, எங்கே, யாரோடு வாழ்வது என்பதை மற்றவர்களைப் போலவே தேர்ந்தெடுக்கலாம் என்கிறது. அமெரிக்காவில் லோயிஸ் கர்ட்டிஸ், இலெய்ன் வில்சன் என்ற இரண்டு பெண்கள் தொடுத்த வழக்கில், தேவையில்லாமல் உள்ளேயே வைத்திருப்பது பாகுபாடு என்று 1999இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தியாவின் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை, வீடில்லை என்பதற்காக மட்டும் ஒருவர் மனநல நிலையத்தில் தொடர்ந்து இருக்க நேரக்கூடாது என்கிறது. எழுத்தில் கேளுங்கள், நகலைப் பத்திரமாக வையுங்கள்.

மறுபடி மருத்துவமனையில் சேர்க்க வேண்டி வந்தால் எல்லாம் வீண்தானா?

வீண் இல்லை. சர்க்கரை நோயாளி இரண்டு நாள் அட்மிட் ஆனால் யாரும் அவர் வீட்டைக் காலி செய்வதில்லை. அவர் நன்றாக இருக்கும்போதே ஒரு தாளில் எழுதிவையுங்கள்: சறுக்கல் ஆரம்பிக்கும்போது முதலில் தெரியும் அறிகுறி எது, யாரைக் கூப்பிட வேண்டும், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, வீட்டுச் சாவியும் பூனையும் யார் பொறுப்பு. வாடகை நிற்காமல் போவதுதான் முக்கியம். வீடு கைவிட்டுப் போனால் இரண்டு வாரச் சிகிச்சை இரண்டு வருடமாக நீளும்.

எனக்கே முடியவில்லை. யாரிடம் சொல்வது?

ஒரே ஆள் 24 மணி நேரமும் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு நிலைக்காது, அந்த ஆள் எவ்வளவு அன்பானவராக இருந்தாலும். வாரத்தில் குறிப்பிட்ட நாளில் இன்னொருவர் வருவது என்று நிரந்தரமாக்குங்கள். "முடியாதபோது கூப்பிடுகிறேன்" என்றால் கூப்பிடவே மாட்டீர்கள். உடம்பைத் தொட்டுச் செய்யும் உதவிக்குச் சம்பளத்துக்கு ஆள் வைப்பதை அவரே விரும்பக்கூடும். போலியோவால் கழுத்துக்குக் கீழ் முடங்கிய எட் ராபர்ட்ஸுக்கு, அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படித்தபோது வளாக மருத்துவமனையில்தான் தங்க இடம் கிடைத்தது. தன் உதவியாளர்களைத் தானே தேர்ந்தெடுத்து, தானே பழக்கி, வேண்டாமென்றால் நிறுத்தியும் காட்டினார். அவரும் கூட்டாளிகளும் 1972இல் அங்கே தொடங்கிய, மாற்றுத்திறனாளிகளே நடத்தும் சுதந்திர வாழ்வு மையம் என்ற முறை உலகம் முழுக்கப் பரவியது. மகனைக் குளிப்பாட்டுவதை நிறுத்திய அம்மாவால் அவனோடு சாயங்காலம் உட்கார்ந்து பேச முடிகிறது.

சில நாள் "என்னைத் திரும்ப அங்கேயே கொண்டுபோய் விடு" என்கிறார். என்ன செய்வது?

வாதாடாதீர்கள். அங்கே எது நன்றாக இருந்தது என்று கேளுங்கள். கட்டிடத்தை நினைத்து ஏங்குபவர்கள் குறைவு. பக்கத்துக் கட்டில் நண்பரோ, இரவில் பேச்சுத்துணையோ, மணியடித்தால் நாள் தானாக நகரும் நிம்மதியோதான் பெரும்பாலும் பதிலாக வரும். நண்பர் என்றால் போய்ப் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள், அவரும் வெளியே வர விரும்பினால் சேர்ந்தே குடியிருக்க முடியுமா என்று பாருங்கள். பேச்சுத்துணை என்றால், தானும் உள்ளே இருந்துவிட்டு வெளியே வந்தவர்களின் குழுவைத் தேடுங்கள். நீங்கள் ஆயிரம் தடவை சொல்வதை அவர்கள் ஒரு தடவை சொன்னால் போதும். நாள் நகரவில்லை என்றால் வாரத்துக்கு இரண்டு நிரந்தரமான வேலைகளைப் போடுங்கள்.

இதெல்லாம் செய்தும் அதையே சொல்கிறார் என்றால், இந்த வீடோ இந்த உதவியாளரோ அவருக்குப் பொருந்தாமல் இருக்கலாம். உதவியாளரை மாற்றிப் பாருங்கள், அப்புறம் வீட்டை மாற்றிப் பாருங்கள். மாதாமாதம் யோசனை மாறினாலும் பரவாயில்லை, நாமும் வாடகை வீடு மாறுகிறவர்கள்தானே.